மதிப்பெண் இருக்க, நேர்முகத் தேர்வு எதற்கு?

கேள்வி: இங்கிலாந்தில் ஏ லெவல் (நம் பிளஸ் டூ போன்றது) படிக்கும் என் அண்ணன் மகளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இங்கே நீட் மதிப்பெண்ணும் கலந்தாய்வும்தான் எல்லாம் என்றிருக்க, நேரில் பேசிப் பார்த்து இடம் கொடுப்பது சிபாரிசுக்கு வழி வைக்காதா? அவள் எப்படித் தயாராக வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டிலேயே பழைய ஆதாரம் உண்டு. 1970இல் இங்கே மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்குரியது. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு அப்பாற்பட்ட சிறப்புச் சேவை, உடல் உறுதி, பொதுத் திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் மதிப்பிட வேண்டும் என்பது விதி. இந்தச் சேர்க்கையை எதிர்த்த பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதுதான், ஒருவரிடம் பேசிய நேரம் சராசரியாக 3 நிமிடம் என்பதும், தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் போட்டிருந்தார்கள் என்பதும் வெளிப்பட்டன. 275இல் 75 என்பதே அதிகமாகத் தோன்றுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. 1981இல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கில், நேர்முகத் தேர்வுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பும் கட்டியது. தமிழ்நாட்டில் 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மட்டும் மாணவர்களைச் சில நாள் தங்கவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் தன் முறையை நெடுநாள் விடாமல் வைத்திருந்தது. நீட் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்ற 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு, நீட்டை எதிர்த்து சி.எம்.சி. நடத்திய வழக்கும் முடிந்தது.

ஆனால் உங்கள் அண்ணன் மகள் சந்திக்கப்போவது அந்த 3 நிமிடத் தேர்வு அல்ல. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மனிதரிடம் செல்லாது, ஒரு சூழலில் பளிச்சென்று பேசுபவர் இன்னொன்றில் தடுமாறலாம் என்பதை உணர்ந்த கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், பல குறு நேர்காணல்களைக் கொண்ட ஒரு முறையை வகுத்து 2004இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். எம்.எம்.ஐ. எனப்படும் அதைத்தான் இன்று பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பின்பற்றுகின்றன. மாணவர் வழக்கமாக ஆறு முதல் பத்து நிலையங்களை, அதாவது தனித்தனிக் குறு நேர்காணல்களை, கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மதிப்பீட்டாளர் இருப்பார். ஒருவர் மனம் வைத்து உயர்த்திப் போட்டாலும் அது மொத்தத்தில் சிறு பங்குதான் என்பதால், சிபாரிசுக்கு இடம் பெரிதும் குறைகிறது.

ஒரு நிலையம் இப்படியிருக்கும்: வெளியே ஒட்டிய தாளில், “பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது உங்களிடம் விட்டுச்சென்ற பூனை தொலைந்துவிட்டது, அவர் திரும்பி வந்திருக்கிறார், சொல்லுங்கள்” என்று எழுதியிருக்கும். ஓரிரு நிமிடத்தில் படித்து, மணி அடித்ததும் உள்ளே போனால், பக்கத்து வீட்டுக்காரராக நடிக்கும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ‘கதவு திறந்திருந்தது, என் தவறில்லை’ என்று தொடங்கும் பிள்ளைகள் இங்கே சறுக்குகிறார்கள். நடந்ததை நேராகச் சொல்லிவிட்டு, அவர் கலங்கும்போது குறுக்கே பேசாமல் இருப்பவருக்கே மதிப்பெண்.

மனப்பாடப் பதில் உதவாது. (ஊருக்கு ஊர் பயிற்சி மையங்கள் அங்கும் கடை விரித்திருக்கின்றன என்பது வேறு விஷயம்.) நம் வீடுகளில் சொல்லிக்கொடுக்கும் ‘மக்களுக்குச் சேவை செய்ய’ என்ற பதிலுக்கு, ‘அப்படியானால் ஏன் செவிலியர் ஆகக்கூடாது?’ என்ற அடுத்த கேள்வி தயாராக இருக்கும். செவிலியரின் வேலையைத் தாழ்த்தாமல் அதற்கு விடை சொல்ல, மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ அவள் தன் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்று வேண்டும். எத்தனை மணி நேரம் அங்கே இருந்தாள் என்பதைவிட என்ன கவனித்தாள் என்பதையே துருவுவார்கள்.

அழைத்தவற்றில் ஒன்று ஆக்ஸ்போர்டோ கேம்பிரிட்ஜோ என்றால் மட்டும் கணக்கு மாறும். அங்கே ஆசிரியர்களே உட்கார்ந்து, தெரியாத ஓர் அறிவியல் சிக்கலைக் கொடுத்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்வார்கள். ஆகவே முதலில் எந்தக் கல்லூரிகள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.