ஏவுவது நீங்கள், பலித்ததா என்று சொல்வது எதிராளி

கேள்வி: நாங்கள் ஏழு பேர், பாளையங்கோட்டையில் ஒன்றாகக் கல்லூரி முடித்தவர்கள். ஒரு வருடமாக டிஸ்கார்ட் அரட்டைக் குரூப்பில் ரோல்பிளே எழுதுகிறோம், அதாவது ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு மாறி மாறி ஒரே கதையை எழுதுகிறோம். கதை நடக்கும் இடம் பொதிகை அடிவாரம், காரையாறு பக்கம். என் கேரக்டர் மூலிகை மருத்துவச்சி. போன வாரம் ஒரு நண்பரின் மந்திரவாதி கேரக்டர் ஒரே போஸ்ட்டில் அவளை வசியம் செய்து, அவள் மனதில் இருந்த ரகசியத்தையும் படித்து, தன் பின்னாலேயே நடக்க வைத்துவிட்டது. கேட்டால் "மந்திரம்னா அப்படித்தான்" என்கிறார். நானும் கோபத்தில், என் தாயத்து எந்த மந்திரத்தையும் தடுக்கும் என்று எழுதிவிட்டேன். இப்போது குரூப்பே இரண்டாகக் கிடக்கிறது. யார் செய்தது சரி?
– அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. அவர் செய்ததற்கு ரோல்பிளே எழுதுகிறவர்களிடம் ஒரு பெயரே உண்டு, பவர்பிளேயிங். அடுத்தவர் கேரக்டர் என்ன செய்தது, என்ன உணர்ந்தது என்பதைத் தானே எழுதிவிடுவதுதான் அது. நீங்கள் எழுதிய தாயத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சண்டை ஏன் வருகிறது என்று முதலில் பார்ப்போம். 1974ல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டில், மந்திரம் பலித்ததா என்று சொல்ல ஒரு நடுவரும் பகடையும் உண்டு. 1978ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டிலும் சேர்ந்து வளர்த்த மட் (MUD) என்ற, பலர் கணினியில் எழுத்து வழியே ஆடும் விளையாட்டில் அந்தத் தீர்ப்பைக் கணினி சொன்னது. உங்கள் குரூப்பில் நடுவரும் இல்லை, கணினியும் இல்லை. இருப்பது ஏழு பேரும் ஏழு கற்பனைகளும். அதனால் ஒருவர் மேல் ஏவிய மந்திரம் பலித்ததா என்று சொல்லும் உரிமை, அந்தக் கேரக்டரை எழுதுகிறவருக்கு மட்டுமே. இந்த ஒன்றை ஏழு பேரும் ஏற்றுக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இதைச் சரிபார்க்கத் தமிழில் எழுதுகிற நமக்கு ஒரு வசதி இருக்கிறது. போஸ்ட் போடும் முன் வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும். அவருடைய போஸ்ட் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்: "மந்திரவாதி வசிய மையை நெற்றியில் இட்டுக்கொண்டு வந்தான். மருத்துவச்சி பார்த்ததும் மயங்கினாள். கூடையைப் போட்டுவிட்டு அவன் பின்னால் நடந்தாள்." இதில் 'வந்தான்' அவருடையது. 'மயங்கினாள்', 'நடந்தாள்' இரண்டும் உங்களுடையவை. அவற்றை அவர் எடுத்துக்கொண்டார். (இரண்டு கேரக்டரும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தால் விகுதி காட்டிக் கொடுக்காது. அப்போது யாருடைய செயல் என்று பாருங்கள்.)

இதையே இப்படி எழுதியிருக்கலாம்: "மந்திரவாதி வசிய மையை நெற்றியில் இட்டுக்கொண்டு ஆற்றுப்படியில் இறங்கினான். அவள் ஏறி வரும் வழியில் நின்றான். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும் என்று காத்திருந்தான்." அவ்வளவுதான், இங்கே நிறுத்திவிட வேண்டும். இப்போது உங்களுக்கு எத்தனை வழி திறக்கிறது பாருங்கள். அவள் நிமிர்ந்து பார்க்கலாம். தண்ணீரில் தெரியும் நிழலை மட்டும் பார்க்கலாம். மூலிகை தெரிந்தவள், மையின் வாசனையை வைத்தே அதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். முதல் போஸ்ட்டில் இது ஒன்றுக்கும் இடமில்லை.

நம் ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புலவர் ஓர் அடி சொல்லி நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டு வாங்கிக்கொள்வார். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் ஆமா போட இடமே கிடையாது.

சரி, உங்கள் தாயத்து. எதுவும் தன்னைத் தொடாதபடி ஒரு கேரக்டரை எழுதுவதைக் காட்மோடிங் என்பார்கள். அவர் உங்கள் முறையைப் பறித்தார் என்றால், நீங்கள் அவருடைய முறையை வீணாக்கினீர்கள். பலித்ததா என்று சொல்லும் உரிமை நம்மிடம் இருக்கும்போது, நியாயமான ஏவலைச் சில நேரம் பலிக்கவிடும் கடமையும் நம்முடையதுதான். அடியே வாங்காத கேரக்டரோடு எழுத யாருக்கும் மனம் வராது. தாயத்து இருக்கட்டும். ஒரு தடவை தடுத்தால் நூல் கருகிவிடும், அடுத்த அமாவாசைக்குத்தான் புதிதாகக் கட்ட முடியும் என்று வையுங்கள். மந்திரவாதிக்கும் அதே மாதிரி ஒரு விலை வேண்டும். மை தீர்ந்துபோகும், ஏவிய பிறகு உடம்பு துவண்டுவிடும் என்று எதையாவது கதை தொடங்கும்போதே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி குரூப்பின் மேலே பின் (pin) செய்து வைத்துவிடுங்கள். பாதிச் சண்டையில் நின்றுகொண்டு புதுச் சக்தி கண்டுபிடிக்கக் கூடாது.

ரகசியத்தைப் படித்தது தனிச் சிக்கல். அவள் மனதில் நினைத்ததை நீங்கள் கதைக்குள் எழுதினீர்கள். அதைப் படித்தது உங்கள் நண்பர், மந்திரவாதி அல்ல. எழுதுகிறவருக்குத் தெரிந்ததைக் கேரக்டருக்குத் தெரிந்ததாக்குவது மெட்டாகேமிங். மனதைப் படிக்கும் சக்தி இருந்தாலும், "என்ன தெரிய வந்தது?" என்று உங்களிடம் கேட்டு, நீங்கள் கொடுப்பதைத்தான் அவர் எழுத வேண்டும்.

வசியத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன். நெருப்பை ஏவுவதும் இதுவும் ஒன்றல்ல. ஒரு பெண் கேரக்டரின் ஆசையையும் சம்மதத்தையும் இன்னொருவர் எழுதும்போது, கேரக்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு அது உறுத்தும், உறுத்தத்தான் செய்யும். வசியம், மனக்கட்டு, உடலில் புகுவது, சாவு ஆகிய நான்குக்கும் முன்கூட்டியே கதைக்கு வெளியே கேட்க வேண்டும். இரட்டை அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போதும்: ((வசியம் முயலட்டுமா? வேண்டாம்னா வேற வழி வச்சிருக்கேன்.)) வேண்டாம் என்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உடன்பாடே வராத இடத்துக்குப் பகடை இருக்கிறது. இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் பலித்தது என்று வையுங்கள். 36ல் 21 வாய்ப்பு ஏவுகிறவர் பக்கம். கடினமான மந்திரம் என்றால் எல்லையை ஏற்றுங்கள், 10 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பலிக்கும். அப்போது வாய்ப்பு 36ல் 6தான். பகடையைக் குரூப்பிலேயே எல்லோரும் பார்க்க, தானாக உருட்டிச் சொல்லும் பாட் (bot) வைத்து உருட்டுங்கள். பலித்தாலும் எப்படிப் பலித்தது என்று எழுதுவது அடிபட்டவர்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும், பொதிகையைக் களமாக வைத்திருப்பதால் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு குரூப்பில் நான் இசக்கியைக் கொடிய வில்லியாக எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் எதுவும் சொல்லாமல் விலகிவிட்டார். இசக்கிதான் அவர் வீட்டுக் குலதெய்வம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது. சுடலையோ இசக்கியோ கதைக்குள் வருவதற்கு முன் குரூப்பில் கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும், நீங்களே ஒரு பெயர் வைத்துப் புதுத் தெய்வத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு, முதலில் நீங்கள் தாயத்துப் போஸ்ட்டை எடுத்துவிடுங்கள். பிறகு அவருக்குத் தனியாக, குரூப்பில் அல்ல, இப்படி எழுதலாம்: "தாயத்து விஷயத்தில் நான் செய்ததும் தப்புதான், எடுத்துட்டேன். ஆனா என் கேரக்டர் மயங்குறதையும் நடக்குறதையும் நான்தான் எழுதணும். மந்திரவாதி ஆற்றுப்படியில் இறங்குற இடத்திலிருந்து திரும்ப எழுதுவோமா? வசியம் வேண்டாம், வேற எதை வேணும்னாலும் ஏவுங்க. இந்தத் தடவை அவளுக்கு அடி பட வச்சு நான் எழுதுறேன்."