கையில் செல்போன் இருந்தது, கை நீளவில்லை

கேள்வி: அன்புள்ள அக்கா, பள்ளிகொண்டாவுக்கு அருகே என் ஊர். வயது 26. போன மாதம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக்கில் வந்தவரை லாரி இடித்துத் தள்ளியது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று நானும் செல்போனில் படம் எடுத்தேன். நண்பர்கள் குழுவுக்கும் அனுப்பினேன். கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஓர் அம்மாள்தான் சும்மாட்டுத் துணியை உருவி, ரத்தம் பீறிட்ட காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். அடிபட்டவர் பிழைத்துவிட்டாராம். பள்ளியில் 1806 வேலூர்ப் புரட்சி வீரர்களைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவன் நான். என்னைக் கோழை என்பீர்களா? – பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உறைந்து நின்றதற்காக உங்களைக் கோழை என்று சொல்ல மாட்டேன். நானும் ஒருமுறை காட்பாடி பாலத்தருகே அப்படி நின்றிருக்கிறேன். ஆனால் படத்தை அனுப்பினீர்களே, அது உறைந்த கை செய்த வேலையில்லை. இன்றே அழித்துவிடுங்கள், குழுவில் உள்ளவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

போலீஸ், கோர்ட், சாட்சி என்று அலைய வேண்டுமே என்ற பயமும் பலரைத் தடுக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விதிமுறைகளும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் உதவுபவரைக் காக்கின்றன. விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பணம் யார் கட்டுவது என்ற தயக்கமும் வேண்டாம். தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

அந்த அம்மாளுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிந்திருக்குமா என்ன? தலையில் சும்மாடு இருந்தது, எடுத்தார். அழுத்திய துணியை எடுத்து எடுத்துப் பார்க்காமல் விட்டதுதான் பெரிய விஷயம். நனைந்துவிட்டால் அதன்மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும். நம் ஊரில் உடனே ஒருவர் சோடா உடைத்துக்கொண்டு ஓடிவருவார். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கழுத்தைத் திருப்பவோ, தூக்கி உட்கார வைக்கவோ கூடாது. 108-இல் பேசும்போது பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் வண்டி தேடாமல் வரும்.

புரட்சி வீரர்களைப் பற்றிப் பேசியவருக்கு இன்னொரு வேலூர்க்காரரைச் சொல்கிறேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் அவர் போன வண்டி விபத்தில் சிக்கி, முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் இரண்டும் செயலிழந்தன. நின்றுகொண்டு அறுவை சிகிச்சை செய்ய இனி வழியில்லை. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைச் செய்தார். பிறகு, தன்னைப்போல் முடங்கியவர்களுக்காக அங்கேயே மறுவாழ்வுத் துறையை வளர்த்தார். பத்மஸ்ரீ 1972-இல்தான் வந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளை யாரும் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. கைக்கு எட்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நீங்கள் முதலுதவிப் பயிற்சி ஒன்றில் சேருங்கள். அடுத்த முறை கை தானாக நீளும்.

அந்த அம்மாளைத் தேடிப் போய் அழுது மன்னிப்புக் கேட்காதீர்கள். கூட்டத்தில் நீங்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. சும்மாட்டுக்கு நல்ல பருத்தித் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ வாங்குங்கள், பேரம் பேசாமல்.