பார்த்ததையெல்லாம் வாங்கும் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? மினிமலிசம் கைகொடுக்குமா?

தள்ளுபடி என்று பார்த்தாலே கை பரபரக்கிறது, வாங்கியதில் பாதி பிரிக்காமலேயே கிடக்கிறது, மினிமலிசம், அதாவது தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வது, உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஆனால் வீட்டைக் காலி செய்வதிலிருந்து தொடங்காதீர்கள். இருப்பதையெல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, வெறிச்சென்று கிடக்கும் பீரோவை நிரப்ப மறுபடியும் கடைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பல வருடங்கள் சேலைப் பிரிவில் நின்றவள் நான். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வரும் பதில்களைப் படித்தால் வருத்தமாக இருக்கிறது. ‘மனக்கட்டுப்பாடு வேண்டும்’ என்று எல்லாவற்றையும் வாங்குகிறவர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். விற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் சொந்தமாகச் சம்பாதிக்கிறவர், இரவில் படுத்தபடி செல்போனில் வாங்குகிறவர் என்று நினைக்கிறேன். உங்களுக்கு மனவுறுதி இல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். விற்பது ஒரு தொழில், எங்களுக்கு அது பழக்கப்படுத்தப்பட்டது. என்ன விலைக்குள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலானதைத்தான் முதலில் விரிப்போம். பத்து, பதினைந்து என்று விரித்தவை குவியக் குவிய, ‘இந்தப் பெண் இவ்வளவு எடுத்துப் போட்டுவிட்டாளே, வெறுங்கையோடு எப்படி எழுந்திருப்பது’ என்று வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிடும். தயங்குகிறவர்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, முந்தியைத் தோளில் போட்டுவிடுவோம். “உங்கள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கிறது அக்கா, இந்த டிசைனில் இது ஒன்றுதான் இருக்கிறது.” தோளில் ஏறிய சேலை பெரும்பாலும் பில்லுக்குப் போய்விடும். நகராத சரக்கைத் தள்ளிவிட்டால் தனி ஊக்கத்தொகையும் உண்டு.

செல்போனில் நடப்பதும் இதுவேதான். ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’ என்ற வரியும் ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரமும் நாங்கள் சொன்ன ‘இது ஒன்றுதான்’. இல்லாத அவசரத்தை இருப்பதுபோல் காட்டுவது உள்ளிட்ட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. அரசாங்கம் விதி போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு வலுவான ஒன்றிடம் நீங்கள் தடுமாறியதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இந்த வேலை எதுவும் பலிக்காத ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு இருந்தார். மேலூரிலிருந்து வருவார், ஓய்வு பெற்ற ஆசிரியை. கைப்பையில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பார். தன் ஒவ்வொரு சேலைக்கும் ரவிக்கை தைத்த பிறகு மிஞ்சிய துணியில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கத்துக்கு ஒன்றாகக் குண்டூசியால் குத்தியிருப்பார். அதன் கீழே வாங்கிய வருடம், விலை, எந்தெந்த விசேஷத்துக்குக் கட்டினார் என்று பென்சிலில் எழுதியிருக்கும். நான் எதை விரித்தாலும் நோட்டைப் புரட்டித் துண்டை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். “அரக்கில் மூன்று இருக்கிறது பாப்பா. மயில் கழுத்து நிறத்தில் சுங்குடி இருந்தால் எடு, இல்லையென்றால் மடித்து வைத்துவிடு.” பட்டு காட்டச் சொல்லி சூப்பர்வைசர் ஜாடை காட்டுவார். அந்த ஆசிரியை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். ஆனால் தேடி வந்தது கிடைத்துவிட்டால் விலை கொஞ்சம் கூடுதல் என்று முகம் சுளிக்கவும் மாட்டார். மினிமலிசம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். நான் கண்ட மினிமலிசம் அதுதான்.

வேலையை விட்டு வந்ததும் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். இன்றுவரை நோட்டைப் பார்க்காமல் ஒரு சேலை எடுத்ததில்லை, இதைப் பெருமையாகவே சொல்கிறேன். உங்கள் விஷயம் செருப்பாக இருக்கலாம், ஹெட்போனாக இருக்கலாம், சமையலறைச் சாமானாக இருக்கலாம். வகைவாரியாக எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது வாங்கத் தோன்றினால் முதலில் அந்தப் படத்தைத் திறங்கள். நம்மிடம் என்ன இருக்கிறது என்பது கண்முன் இல்லாதபோதுதான் விற்கிறவர் பேச்சு எடுபடும்.

‘எல்லோரும் இப்படி இருந்தால் நெசவாளி எப்படிப் பிழைப்பான்’ என்று யாராவது வருவார்கள். சூரத்திலிருந்து பேல் பேலாக இறங்கும் மலிவுப் பாலியஸ்டரில் ஐந்து வாங்கினால் நம் ஊர்த் தறிக்காரருக்கு என்ன கிடைக்கும்? கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்வதை விற்கவே 1935-ல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. அந்த ஐந்துக்கான பணத்தில் அங்கே ஒன்று எடுங்கள். வீட்டில் விசேஷம் வந்தால் வாங்கத்தான் வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் ஒரு சேலைக்காக நூறு சேலையைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், அதையெல்லாம் மடிக்கும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தால்கூட எங்களைத் திட்டுவார்கள். என் காலில் நரம்பு சுருண்டு கிடப்பது அந்த வருடங்கள் கொடுத்தது. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. நான் இப்போது போகிற கடைகளில் அந்த ஸ்டூலைத் தேடுகிறேன், பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வட்டியில்லாத் தவணை என்றால் இரண்டு முறை யோசியுங்கள். கடை தரும் தள்ளுபடியில் வட்டியைக் கழித்துக் காட்டுகிறார்களே தவிர, வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் கணக்கில் ஏறும், பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் பிடிக்கும். சம்பளம் வரும் கணக்கை யுபிஐ-யிலிருந்து எடுத்துவிட்டு, செலவுக்கென்று இன்னொரு கணக்கை வைத்து அதை மட்டும் இணையுங்கள். மாதம் பிறந்ததும் அளவோடு அதில் பணம் போடுங்கள். கார்டை எந்தச் செயலியிலும் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பர்ஸை எடுத்து 16 எண்களையும் பார்த்துத் தட்ட வேண்டியிருந்தால், ராத்திரி நேரத்து ஆசைகளில் பலவற்றுக்கு நீங்கள் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டீர்கள்.