கடிக்கும் குணம் பிறப்பிலா, வளர்ப்பிலா? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் நாய் வளர்ப்போர் கேட்டவற்றுக்கு, நெடுங்காலம் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: ராட்வீலர் குட்டி வாங்க விரும்புகிறேன். அந்த இனத்துக்கு ரத்தத்திலேயே வெறி உண்டு என்கிறார் என் மாமனார். எல்லாம் வளர்ப்பில்தான் என்பது என் எண்ணம். எது சரி, ஐயா?

பிறப்புக்குப் பங்கு உண்டு. 1959-இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய ஆய்வில், மனிதரைக் கண்டு மிரளாத வெள்ளிநரிகளை மட்டும் தலைமுறைதோறும் இணைசேர்த்தபோது வாலாட்டிக்கொண்டு வரும் நரிகள் பிறந்தன. சீறுகிறவற்றை மட்டும் இணைசேர்த்த வரிசையிலோ, கூண்டை நெருங்கினாலே பாய்கிற நரிகள் பிறந்தன. ஆனால் அங்கே குணம் ஒன்றைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். இன்று விற்பனைக்கு வரும் இன நாய்களில் பெரும்பாலானவை உருவத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் விவரம் பெற்று, 2022-இல் சயின்ஸ் இதழில் வெளியான மரபணு ஆய்வு, நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் இனத்தைக்கொண்டு விளக்கக்கூடியது ஏறத்தாழ 9 விழுக்காடுதான் என்று கண்டது. மிச்சத்தை முழுவதும் வளர்ப்பின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ஒரே இனத்துக்குள்ளேயே பெற்றோர் வழி வரும் வேறுபாடும் அதில் அடங்கும். ஆகவே குட்டியின் தாயை நேரில் பாருங்கள். உங்களைக் கண்டதும் மூலையில் ஒடுங்கி உறுமுகிற தாயின் குட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

அடுத்தது வயது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆயினும் முப்பது நாள் குட்டிகள் விலைபோவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக் கூட்டத்தையும், ஹெல்மெட் அணிந்தவரையும், மீன் விற்கிறவரின் குரலையும், குழந்தைகளின் ஓட்டத்தையும் காட்டுங்கள். மிரண்டால் சற்று விலகி நில்லுங்கள். வலுக்கட்டாயமாக அருகில் கொண்டுபோகாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் மாமனாரின் அச்சத்தில் ஒரு நியாயம் எஞ்சுகிறது: ராட்வீலரின் கடி பொமரேனியனின் கடியைப் போன்றதன்று. கட்டுப்படுத்த உடல்வலுவும் நேரமும் உள்ள வீட்டுக்கே அது ஏற்றது.

லாஸ்பேட்டையிலிருந்து: எங்கள் ராஜபாளையம் நாய் தட்டருகே பிள்ளைகள் போனால் உறுமுகிறது. அப்பா அதைப் பிரம்பால் அடித்துத் திருத்தப் பார்க்கிறார். சரியாகுமா, டாக்டர்?

அம்மா, பிரம்பை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உறுமல், நாய் நமக்குத் தருகிற எச்சரிக்கை. அடித்தால் உறுமல்தான் நிற்கும். சோறு பறிபோகும் என்ற அச்சம் அப்படியே இருக்கும். பிறகு அந்த நாய் எச்சரிக்காமலே கடிக்கும். அடிப்பதும் மல்லாக்கத் தள்ளி அமுக்குவதும் பல நாய்களிடம் எதிர்த்தாக்குதலைத் தூண்டுவதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் பதிவு செய்தது.

உறுமலுக்கு முன்பே உடல் பேசும். தட்டிலிருந்து தலையை எடுக்காமல் உடல் விறைக்கும், வேகமாக விழுங்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். அப்போதே பிள்ளைகள் விலகிவிட வேண்டும். இனி உணவைத் தனியறையில் கொடுங்கள். பெரியவர் ஒருவர் மட்டும், நாய் விறைக்காத தூரத்தில் நின்று, தட்டிலிருப்பதைவிடச் சுவையான கோழித்துண்டு ஒன்றை அதன் பக்கம் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மனிதர் நெருங்கினால் சோறு குறையாது, கூடும் என்று நாய்க்குப் புரியச் சில வாரங்கள் ஆகலாம். ராஜபாளையம் காவலுக்குப் பெயர்பெற்ற இனம், அந்நியரிடம் ஒதுங்கியே நிற்கும். ஆனால் தட்டைக் காக்கிற பழக்கம் எந்த இனத்திலும் வரும்.

முதுநகரிலிருந்து: தெருவில் கிடைத்த நாட்டு நாய்க்குட்டி பெரிதானால் மூர்க்கமாகுமா?

அப்படி ஒரு விதி இல்லை. குட்டிப் பருவத்தில் ஆள்பழக்கம் கிடைத்தால் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைக்காதீர்கள். விலகி ஓட வழியில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றே வழியாகிவிடுகிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து: குறிப்பிட்ட இனங்களைத் தடைசெய்தால் தீராதா?

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களுக்கு எழுதியது. கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே அச்சுற்றறிக்கையை ரத்துசெய்தது. பிட்புல் வகையை 1991-இல் தடைசெய்த பிரிட்டனிலும் நாய்க்கடி ஓயவில்லை. 9,000-க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2021-இல் வந்த பின்லாந்து ஆய்வில், மிகவும் அஞ்சுகிற நாய்களிடமே மூர்க்கம் பன்மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. சிறிய உருவ நாய்களும் அதில் பின்தங்கவில்லை. அச்சத்தை வளர்க்கிற விற்பனையையும் வளர்ப்பையும் தொடாத தடையை நான் ஆதரிக்க மாட்டேன்.

வில்லியனூரிலிருந்து: ஒன்பது வயது லாப்ரடார், இதுவரை யாரையும் கடித்ததில்லை. போன வாரம் தலையைத் தடவிய என் மகளைக் கடித்துவிட்டது. ஏன்?

முதலில் மகள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவியிருக்க வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லையென்றால் இன்றே அழைத்துச் செல்லுங்கள். அடுத்து நாய். இந்த வயதில் குணம் திடீரென மாறினால் நான் முதலில் தேடுவது வலியை. தலையைத் தொட்டபோது கடித்திருப்பதால் காதைப் பாருங்கள்: தொங்குகிற காதுமடலுக்குள் சிவப்போ, நாற்றமோ, பழுப்பு அழுக்கோ தெரிகிறதா? பல்லும் கழுத்தும் பார்வையும்கூடச் சோதிக்கப்பட வேண்டும். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். வலி இருக்கிறதா என்று தெரியும்வரை நாயைத் தண்டிக்காதீர்கள். மகளை அதனருகே தனியே விடவும் வேண்டாம்.