பராமரித்த ஸ்போர்ட்ஸ் பைக்கை மலையகத்தில் விற்பது எப்படி?

நான்கு வருடங்கள் பார்த்துப் பார்த்து ஓட்டிய யமஹா ஆர்15 பைக்கை ஹட்டனில் நியாயமான விலைக்கு விற்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மலையகத்தில் வாங்க வருபவர் ஓடிய கிலோமீற்றரைவிட பிரேக்கையும் கிளட்சையும்தான் கூர்ந்து பார்ப்பார். ரம்பொடை போன்ற நீண்ட இறக்கங்களில் பிரேக் பேட்டும், ஏற்றங்களில் செயினும் கிளட்ச் தட்டுகளும் சமதரையைவிட விரைவாகத் தேய்கின்றன. ஆகவே கராஜ் பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாக அடுக்கி வையுங்கள். என் பைக்கைப் பார்க்க வந்த இளைஞர் பின்சில்லை மெதுவாகச் சுற்றி, செயினை விரலால் தூக்கி, முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்த பிறகே விலை பேசினார். அது சரியான முறை. எஞ்சினையும் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் சந்தேகம்தான் வரும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஏறிய விலையை, 2025இல் தடை தளர்ந்த பின்னரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மிக முக்கியமாக, வாங்குபவரின் விபரங்களை நிரப்பாத பெயர்மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் பெயர் மாறும்வரை, அந்த வண்டி விபத்தில் சிக்கினால் பொலிசார் முதலில் உங்கள் வீட்டைத்தான் தேடி வருவார்கள்.