ஒரே ரிப்போர்ட், மூன்று டாக்டர், மூன்று பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பீடி பிடித்தார், நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. இருமல் விடாமல் இருந்ததால் ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலின் மேல்பகுதியில் நான்கு சென்டிமீட்டர் கட்டி. பயாப்சியில் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் வகை என்று வந்தது. பெட் ஸ்கேனில் நெஞ்சின் நடுவில் உள்ள நெறிக்கட்டிகளும் ஒளிர்கின்றன. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் கீமோவும் ரேடியேஷனும்தான் என்கிறார். மூன்றாமவர் மாத்திரையிலேயே பார்க்கலாம் என்கிறார். யாரை நம்புவது? அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, மூன்று டாக்டர்களில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அந்த நெறிக்கட்டிகளில் புற்றுநோய் இல்லை என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார். இருக்கிறது என்று மற்றவர் எடுத்துக்கொள்கிறார். மாத்திரை சொன்னவர், கட்டியில் மாத்திரைக்குக் கட்டுப்படும் மரபணு மாற்றம் இருக்கும் என்ற எண்ணத்தில் பேசுகிறார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அந்த நெறிக்கட்டியில் யாரும் இன்னும் ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலில் நடக்க வேண்டியது அதுதான்.

பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. சர்க்கரையை அதிகமாக இழுக்கும் இடம் எல்லாம் ஒளிரும். காசநோயால் வந்த வீக்கமும் அப்படித்தான். நம் ஊரில் காசநோய் எவ்வளவு சகஜம் என்று சொல்லத் தேவையில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு நெசவாளர் நுரையீரல் புற்றுநோயோடு என்னிடம் வந்தார். படத்தில் நான்கு நெறிக்கட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. 'ஆபரேஷன் கட்டத்தைத் தாண்டிவிட்டது' என்று சொல்ல நானே வாயெடுத்தேன். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஈபஸ் செய்தோம். மூச்சுக்குழாய்க்குள் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியை இறக்கி, நெறிக்கட்டியைத் திரையில் பார்த்தபடியே ஊசியால் சதை எடுக்கும் முறை அது. நான்கிலும் புற்றுநோய் இல்லை, காசநோயின் தடம்தான். அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அன்றிலிருந்து, சதையை எடுத்துப் பார்க்காமல் நெறிக்கட்டியைப் பற்றி நான் முடிவாக எதுவும் சொல்வதில்லை.

அப்பாவுக்கும் நெறிக்கட்டியில் ஒன்றும் இல்லை என்று வந்தால், ஆபரேஷன் சொன்னவர் பக்கம் நியாயம். அதே பக்கத்தில் ஒரே ஒரு சின்ன நெறிக்கட்டியில் மட்டும் இருந்தால், முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கி அப்புறம் ஆபரேஷன் என்ற வழி உண்டு. பலவற்றில் இருந்தாலோ, எதிர்ப்பக்கம் பரவியிருந்தாலோ, கீமோவுடன் சேர்த்து சுமார் ஆறு வாரம் ரேடியேஷன். அதன் பிறகு டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்து) ஒரு வருடம்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. கட்டியில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றம் உண்டா என்ற ரிப்போர்ட் கைக்கு வரும்வரை இம்யூனோதெரபியைத் தொடங்க விடாதீர்கள். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் பலன் குறைவு. அதைக் கொடுத்த கையோடு, ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. பீடி பிடித்தவருக்கு இந்த மாற்றம் இருக்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டெஸ்ட் செய்துவிடுங்கள். மாற்றம் இருந்தால், ரேடியேஷன் முடிந்தபின் டுர்வாலுமாபுக்குப் பதில் ஒசிமெர்டினிப் கொடுக்கலாம் என்பதற்கு 2024-இல் வந்த ஆய்வு வலுவான ஆதாரம். ஆனால் நோய் நெஞ்சுக்குள்ளேயே இருக்கும்போது மாத்திரையை மட்டும் நம்பி உட்கார்ந்தால், முழுதாகக் குணப்படுத்தும் வாய்ப்பை விட்டுவிடுவோம். அதில் எனக்குச் சம்மதமில்லை. (2024 பட்ஜெட்டில் இந்த இரண்டு மருந்துகளுக்கும் சுங்கவரி நீக்கப்பட்டது. இன்னும் விலை அதிகம்தான், காப்பீட்டை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.)

மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தீர்களா? மூளை எப்போதும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருப்பதால், அங்கே உள்ள சின்னக் கட்டி பெட் ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

இன்னொன்று, அப்பாவின் மூச்சு. முப்பது வருடப் பீடி அவருடைய நுரையீரலில் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்று அளக்காமல் கத்தி வைக்க முடியாது. ஊதிப் பார்க்கும் டெஸ்டோடு, காற்று ரத்தத்தில் கலக்கும் திறனையும் அளக்கச் சொல்லுங்கள். நான் நோயாளியோடு மாடிப்படி ஏறியும் பார்ப்பேன். இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறாரா, எங்கே கைப்பிடியைப் பிடிக்கிறார், மேலே போனதும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று கவனிப்பேன்.

எல்லா ரிப்போர்ட்டும் வந்தபின், அறுவை, ரேடியேஷன், கீமோ டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். படங்களை சிடியாகவும், பயாப்சி சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கைக் கேட்டு வாங்கியும் கொண்டு போங்கள். இந்த டெஸ்டுகளுக்கு ஆகும் இரண்டு மூன்று வாரம் வீண் இல்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள். ரேடியேஷன் என்று முடிவானால், ஆறு வாரம் அந்த மேசையில் படுக்கப் போகிறவர் அவர்தான். ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். 'கட்டி இருக்குப்பா, என்ன வைத்தியம்னு பார்த்துட்டிருக்கோம்' என்று ஆரம்பியுங்கள். மீதியை அவர் கேட்பார். ஈபஸ் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.