முதல்ல காது, அப்புறம்தான் செட்டு: ஹாம் ரேடியோ கேள்வி பதில்

போன இதழ்ல ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கி சொந்த செட்டுல ஊர் உலகத்தோட பேசற பொழுதுபோக்கு, அதைப் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சும்மா ஒரு வரி போட்டேன், கட்டு கட்டா லெட்டர் வந்துடுச்சு. பாதி பேர் கேட்டது ஒரே கேள்விதான், எந்த செட்டு வாங்கணும், எவ்வளவு ஆகும். அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

கே: சார், பிளஸ் டூ முடிச்சிட்டேன். நல்ல மார்க் வந்ததால அப்பா 5,000 ரூபாய் தர்றேன்னு சொல்லியிருக்காரு. ஆன்லைன்ல பாவ்ஃபெங் வாக்கி டாக்கி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், ஆர்டர் போட்டுடவா? (மாணவர், சிவகாசி)

ப: போடாதீங்க தம்பி. பட்டனை அமுக்கி பேசினாத்தான் தப்பு, சும்மா வச்சிருந்தா தப்பில்லன்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க, அப்படி இல்ல. லைசென்ஸ் இல்லாம அந்த மாதிரி செட்டை கையில வச்சிருக்கறதே குத்தம்னு 1933லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டு போயிட்டான். ஆன்லைன்ல கிடைக்குது, பக்கத்து வீட்டு பையன்கிட்ட இருக்கு, கல்யாண வீடியோ எடுக்கறவரு வச்சிருக்காரு, இதெல்லாம் பதில் கிடையாது.

முதல்ல ஏஎஸ்ஓசி பரீட்சை எழுதுங்க, ஹாம் லைசென்ஸுக்கான பரீட்சை அதுதான். மத்திய தொலைத்தொடர்பு துறைக்கு கீழ டபிள்யூபிசின்னு ஒரு பிரிவு இருக்கு, அவங்கதான் நடத்துறாங்க. 12 வயசு ஆயிருந்தா போதும். கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் ரூல்ஸ், பிளஸ் டூ பிசிக்ஸ் படிச்ச உங்களுக்கு பாதி ஏற்கனவே தெரியும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு கிரேடு. ஜெனரலுக்கு மட்டும் மோர்ஸ் கோட் உண்டு, நிமிஷத்துக்கு 8 வார்த்தை. பாஸாகி லைசென்ஸ் வந்தா வியூன்னு ஆரம்பிக்கற கால்சைன் கிடைக்கும், உலகத்துல அந்த பேரு உங்க ஒருத்தருக்குத்தான்.

அப்ப அந்த 5,000? அதுல ஒரு பழைய ஷார்ட்வேவ் ரிசீவரும் பத்து மீட்டர் ஒயரும் வாங்குங்க, மீதியை அப்பாகிட்டயே குடுத்துடுங்க. கேட்கறதுக்கு பரீட்சை வேண்டாம். அதுவும் வேணாம்னா போன்லயே கேட்கலாம், நெதர்லாந்துல ட்வென்டே யூனிவர்சிட்டிக்காரங்க ஒரு ரிசீவரை நெட்ல திறந்து விட்டிருக்காங்க, யார் வேணாலும் உள்ள போய் திருகி கேட்கலாம், காசு கிடையாது. ஒரு மாசம் கேளுங்க. யார் எப்படி கூப்பிடறாங்க, எப்ப விட்டுக் குடுக்கறாங்க, எப்ப குறுக்க பேசக்கூடாது, இதெல்லாம் காதுலதான் ஏறும். கேட்காம பேச வந்தவனை பேண்டுல (ஹாம்கள் பேசற அலைவரிசையில) ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க.

கே: என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில நான் துணி காயப்போடற கொடியை அவுத்துட்டு அந்த இடத்துல ஏதோ ஒயர் கட்டி வச்சிருக்காரு. ராத்திரி பதினோரு மணிக்கு "சிக்யூ சிக்யூ"ன்னு கத்துறாரு, கடைசியில "73"ன்னு சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டே இறங்கி வர்றாரு. எதிர் வீட்டம்மா உளவாளியான்னு கேக்குறாங்க. இது என்னங்க வியாதி? (வாசகி, பாளையங்கோட்டை)

ப: வியாதிதாங்கம்மா, எனக்கும் இருக்கு, நாப்பது வருஷமா. சிக்யூன்னா "யாராவது இருக்கீங்களா, யாரா இருந்தாலும் வாங்க"ன்னு பொதுவா கூப்பிடறது. 73ன்னா அன்பான வணக்கங்கள், அந்தக் காலத்து தந்தி ஆளுங்க விட்டுட்டு போன சுருக்கு. 88ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு அன்பு முத்தங்கள்னு அர்த்தம், அதை சொன்னா மட்டும் யாருக்குன்னு விசாரிங்க. இன்னொண்ணையும் சொல்லிடறேன், ஹாம் பாஷையில பொண்டாட்டிக்கு பேரு எக்ஸ்ஒய்எல், அதாவது முன்னாள் இளம்பெண். யார் வச்ச பேரோ தெரியல, எங்க வீட்டுல இதுக்கு அர்த்தம் சொன்ன அன்னைக்கு எனக்கு ராத்திரி சாப்பாடு கிடைக்கல.

கொடி விஷயத்துல நியாயம் உங்க பக்கம். அவரு கட்டினது டைபோல்னு ஒரு ஒயர் ஆன்டெனாவா இருக்கும். அதோட நீளம் கண்டுபிடிக்க சுலபமான கணக்கு ஒண்ணு இருக்கு, 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மீட்டர்ல வரும். ராத்திரியில நம்ம ஆளுங்க அதிகமா இருக்கற 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு கிட்டத்தட்ட 20 மீட்டர், நடுவுல வெட்டி பக்கத்துக்கு 10 மீட்டர். உங்க மாடி அவ்வளவு நீளம் இருக்காது, அதான் கொடி மேல கை வச்சுட்டாரு. நடுவுல ஒரு மூங்கில் நட்டு அதோட உச்சியில இருந்து ரெண்டு பக்கமும் சரிவா இறக்கி கட்டச் சொல்லுங்க, தலைகீழ் வி மாதிரி, இடமும் கம்மி, வேலையும் நல்லா செய்யும். ஆனா ஒயர் நுனி கைக்கு எட்டற உயரத்துல இருக்கவே கூடாது, அவரு பேசிட்டு இருக்கும்போது ஈரத்துணியோட யாராவது நுனியை தொட்டா சுருக்குன்னு சுட்டுடும். இதை கண்டிப்பா அவர்கிட்ட காட்டுங்க.

கே: ஹாம் லைசென்ஸ் வாங்கினா நானே வீட்டுல இருந்து எஃப்எம் மாதிரி பாட்டு போடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

ப: கூடாது. பாட்டு, வியாபாரம், அரசியல் மூணும் கிடையாது.

கே: ரிட்டயர்டு வாத்தியார் நான். 61 வயசுல லைசென்ஸ் வாங்கி, பிஎஃப் பணத்துல நல்ல ரிக்கே (ஹாம் செட்டு) வாங்கிட்டேன், ஐகாம் 7300. வாங்கி நாலு மாசம் ஆச்சு, சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும் ஒரே "ஙொய்ய்ய்"ன்னு இரைச்சல், ஒருத்தர் குரலும் புரியல. செட்டை மாத்தணுமா ஐயா? (கரூர்)

ப: செட்டை தொடாதீங்க, நீங்க வச்சிருக்கறது நல்ல செட்டு. அது கேட்கறதைத்தான் உங்களுக்கு சொல்லுது. குத்தம் அதோட காதுல இல்ல, ஊர்ல. ஆறு மணின்னு நீங்களே துப்பு குடுத்துட்டீங்க பாருங்க, ஆறு மணிக்கு என்ன நடக்குது, எல்லா வீட்டுலயும் லைட்டு போடறாங்க.

இப்ப வர்ற எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாத்துக்குள்ளயும் கரண்டை செகண்டுக்கு பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடற சர்க்யூட் ஒண்ணு இருக்கு. வெட்டற ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி ஒலிபரப்பு மாதிரிதான். நல்ல கம்பெனிக்காரன் அது வெளிய போகாம இருக்க காயிலும் கெப்பாசிட்டரும் போட்டிருப்பான், விலை குறைக்கறவன் முதல்ல கழட்டறதே அதைத்தான். உங்க வீட்டு ஒயரிங் முழுக்க அதுக்கு ஆன்டெனா ஆகிடுது.

கண்டுபிடிக்கறதுக்கு வழி இருக்கு, பொறுமை வேணும். செட்டை 12 வோல்ட் பேட்டரியில மாட்டுங்க, வீட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க (வீட்டுல டிவி சீரியல் இல்லாத நேரமா பார்த்து). இரைச்சல் செத்துப்போச்சுன்னா திருடன் உள்ளதான் இருக்கான், ஒவ்வொரு ஸ்விட்ச்சா போட்டுக்கிட்டே வாங்க, எதுல கத்துதோ அதான். சாகலன்னா ஒரு சின்ன ஏஎம் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சுக்கிட்டு தெருவுல நடங்க, எந்த வீட்டு வாசல்ல அதிகமாகுதுன்னு காதே சொல்லும். கரண்ட் கம்பத்துல இருந்தும் வரலாம், ஏதாவது ஒரு இடத்துல பிடிப்பு தளர்ந்து நெருப்புப்பொறி அடிச்சுக்கிட்டிருந்தா "படபட"ன்னு கேட்கும். அது வெயில்ல அதிகமா இருக்கும், மழை பெஞ்சு நனைஞ்சா அடங்கிடும், வித்தியாசம் அப்படி தெரிஞ்சுக்கலாம்.

என் கதையை கேளுங்க. ரெண்டு மாசம் இரைச்சல், கோஆக்ஸ் கேபிளை மாத்தினேன், ஆன்டெனாவை இறக்கி ஏத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் புதுசா போட்ட சோலார்தான் காரணம்னு மனசுக்குள்ள அவரை திட்டிக்கிட்டே சிரிச்சு பேசிட்டிருந்தேன். கடைசியில பார்த்தா எங்க வீட்டு பூஜை ரூம்ல, முருகன் படத்துக்கு நானே வாங்கி மாட்டின எல்இடி மாலை. அதோட தீப்பெட்டி சைஸ் அடாப்டர். பிடுங்கினதும் பேண்டு அப்படி ஒரு அமைதி, நான் ஏதோ செட்டுதான் ஆஃப் ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். அடாப்டரை மாத்திட்டு, புது அடாப்டர் ஒயர்ல இரைச்சலை அடக்கற ஃபெரைட் கிளிப் ஒண்ணும் மாட்டினேன். மொத்த செலவு 200 ரூபாய்க்குள்ள. நீங்க திருடனை அடுத்த வீட்டுல கண்டுபிடிச்சா சண்டைக்கு போகாதீங்க, நல்ல பல்பு ஒண்ணு வாங்கிட்டு போய் நீங்களே மாட்டி விட்டுட்டு வந்துடுங்க.

கே: ரிக் எல்லாம் லட்சக்கணக்குல இருக்கு, சம்பளத்துல முடியாது. சொந்தமா சால்டர் பண்ணி செய்ய முடியுமா? (இன்ஜினியர், கோவை)

ப: முடியும், அதுக்கு வழி காட்டினதே நம்ம நாட்டுக்காரர்தான். ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான், வியூ2இஎஸ்இ, இருபது வருஷத்துக்கு முன்னாடி பிட்எக்ஸ்னு ஒரு டிரான்ஸீவர் (கேட்கவும் பேசவும் ஆகற செட்டு) சர்க்யூட்டை போட்டு எல்லாருக்கும் இலவசமா குடுத்துட்டாரு. ஃபாரின்ல இருந்து வரவழைக்க வேண்டிய பார்ட்ஸ் எதுவும் இருக்கக்கூடாதுங்கறதுதான் அவரோட எண்ணமே. காயில் சுத்தறதுக்கு டொராய்டு வளையம் கிடைக்கலயா, தண்ணி பைப்புக்கு போடற டேப் வாஷர்ல சுத்துன்னாரு! பிளம்பிங் கடை சாமான்ல டிரான்ஸீவரான்னு ஆரம்பத்துல சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். அப்புறம் அதை உலகம் பூரா ஆளுங்க செஞ்சு பார்த்தாங்க, பின்னாடி வந்த மைக்ரோபிட்எக்ஸ் கிட்டை ஹைதராபாத் பக்கம் பொம்பளைங்க சேர்ந்து அசெம்பிள் பண்ணி வெளிநாட்டுக்கு போச்சு.

பார்ட்ஸுக்கு கோவையிலயே கடை இருக்கு, கிடைக்காததுக்கு சென்னை ரிச்சி தெரு. ஒரே நாள்ல முழுசையும் சால்டர் பண்ணிடணும்னு உட்காராதீங்க. ஆடியோ பகுதியை முடிச்சு, விரலால தொட்டா "ர்ர்ர்"னு கத்துதான்னு பார்த்துட்டு அடுத்ததுக்கு போங்க. பவர் 5 வாட் பக்கம்தான் வரும், இப்படி கம்மி பவர்ல பேசறதுக்கு க்யூஆர்பின்னு பேரு, அதுக்குன்னு தனியா ஒரு கூட்டமே இருக்கு. காலையில 7 மெகாஹெர்ட்ஸ்ல நெட் (ஹாம்கள் கூடி முறை வச்சு பேசறது) நடக்கும்போது 5 வாட்ல உள்ள நுழைஞ்சு பாருங்க, 100 வாட்காரரு எல்லாம் நிறுத்தி உங்களுக்கு வழி விடுவாங்க.

கே: சென்னையில அபார்ட்மென்ட், நாலாவது மாடி. அசோசியேஷன்ல ஆன்டெனாவுக்கு ஒத்துக்கல. எனக்கு இந்த ஜென்மத்துல ஹாம் கிடையாதா?

ப: பால்கனி இருக்குல்ல, அது போதும். லைசென்ஸ் இருந்தா ஒரு ஹேண்டி செட்டுல, அதான் வாக்கி டாக்கியில, 145.800 மெகாஹெர்ட்ஸை போட்டு வைங்க, சர்வதேச விண்வெளி நிலையத்துல இருந்து வர்றது அதுல கேட்கும். அது 400 கிலோமீட்டர் உயரத்துல மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்துல போகுது, உங்க தலைக்கு மேல வந்தா பத்து நிமிஷம்தான். வரும்போது மூணு மூன்றரை கிலோஹெர்ட்ஸ் மேல கேட்கும், தாண்டினதும் அதே அளவு கீழ, ரயில் ஹாரன் மாதிரிதான். சில நாள் அங்க இருந்து படமே அனுப்புவாங்க, போன் ஆப்ல அந்த சத்தத்தை கேட்க வச்சா படமா விரியும். நம்ம இஸ்ரோவே 2005 மே 5ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து ஹாம்சாட்னு ஹாம்களுக்காகவே ஒரு சாட்டிலைட் விட்டுச்சு, 2014 வரைக்கும் உசுரோட இருந்துச்சு. அதுல பால்கனியில நின்னுக்கிட்டே பேசினவங்க உண்டு.

கே: மோர்ஸ் படிக்கறேன், மண்டையில ஏறல. புள்ளி, கோடு, புள்ளின்னு எழுதி எழுதி பார்க்கறேன். (தஞ்சாவூர்)

ப: எழுதறதுதான் தப்பு. தஞ்சாவூர்ல இருந்துக்கிட்டு இந்த கேள்வியை கேட்கலாமா! மிருதங்கம் படிக்கறவன் தகதிமியை எழுதியா படிக்கறான், வாயில சொல்லித்தானே. சி-ன்னா "டா டி டா டிட்", க்யூன்னா "டா டா டி டா". வாயாலயே சொல்லுங்க, பஸ்ல போகும்போது கடை போர்டு எல்லாத்தையும் அப்படியே முணுமுணுங்க. பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருவாரு, பரவாயில்ல.

கே: எல்லார் கையிலயும் மொபைல் இருக்கு. இன்னும் எதுக்கு இந்த பழைய கருமம்? கோவிச்சுக்காதீங்க. (நாகப்பட்டினம்)

ப: கோவிக்கல, ஆனா நாகப்பட்டினத்துல இருந்து இந்த கேள்வி வந்தது கொஞ்சம் ஆச்சரியம். 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்னு ஒரு அம்மா, வியூ2ஆர்பிஐ, ரொம்ப வருஷம் அலைஞ்சு அனுமதி வாங்கி அந்தமானுக்கு போயிருந்தாங்க. அங்க ஹாம்கள் பேசி பல வருஷம் ஆயிருந்ததால உலகம் பூரா அந்தமானோட அந்த வியூ4 கால்சைனுக்கு க்யூ. 26ந்தேதி காலையில போர்ட் பிளேர்ல தரை ஆடுச்சு, கரண்ட் போச்சு, போன் போச்சு. அவங்க பொழுதுபோக்குக்கு எடுத்துட்டு போன அதே செட்டும் அதே ஆன்டெனாவும்தான் மெயின்லேண்டுக்கு சேதி சொல்லுச்சு, யார் உசுரோட இருக்காங்கன்னு சொந்தக்காரங்களுக்கு தகவல் போச்சு. இலங்கையிலயும் அம்பாந்தோட்டை பக்கம் போன் இல்லாம போனப்ப ஹாம்கள் ஷார்ட்வேவ்லதான் கொழும்போட பேசினாங்க. மொபைலுக்கு டவர் வேணும், டவருக்கு கரண்ட் வேணும், டவர்ல இருந்து எக்ஸ்சேஞ்சுக்கு கேபிள் வேணும். எங்களுக்கு ஒரு கார் பேட்டரியும் ரெண்டு மரமும் இருந்தா ஆச்சு.

கே: 14 மெகாஹெர்ட்ஸ்ல இத்தாலிக்காரன் பக்கத்து ரூம்ல பேசற மாதிரி கேட்குது, மதுரையில இருக்கற நண்பர் கேட்கவே மாட்டேங்கறார். ஆனா ஹேண்டியில சில நாள் சாயங்காலம் இலங்கை 4எஸ்7 ஸ்டேஷனே வருது. எனக்கு தலை சுத்துது. (தூத்துக்குடி)

ப: ரெண்டுக்கும் காரணம் வேற வேற. குளத்துல ஓட்டாஞ்சில்லை வீசினா தத்தித் தத்தி போகும்ல, தண்ணியை தொடற இடத்துக்கு நடுவுல இருக்கற தவளைக்கு அது வந்ததே தெரியாது. 14 மெகாஹெர்ட்ஸ் அப்படித்தான், மேல அயனோஸ்பியர்ங்கற வளிமண்டல அடுக்குல பட்டு ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி விழும், மதுரைக்காரர் நடுவுல இருக்கற தவளை. அவரை 7 மெகாஹெர்ட்ஸுக்கு பகல்ல வரச் சொல்லுங்க, கிடைப்பாரு.

ஹேண்டி விஷயம் கடல் பண்ற வேலை. தண்ணிக்கு மேல குளிர்ந்த ஈரக்காத்தும் அதுக்கு மேல சூடான காத்தும் அடுக்கா நின்னா அலை அதுக்கு நடுவுல குழாய்க்குள்ள போற மாதிரி வளைஞ்சு ஓடும். ராமேஸ்வரம், தூத்துக்குடி ஆளுங்களுக்கு இலங்கை எஃப்எம் கேட்கறது புதுசா என்ன. காத்து விழுந்து புழுக்கமா இருக்கற சாயங்காலமா பார்த்து மாடிக்கு போங்க, முதல்ல எஃப்எம்ல இலங்கை ஸ்டேஷன் பலமா வருதான்னு பாருங்க, வந்தா உடனே ஹேண்டியை எடுத்து சிக்யூ போடுங்க. அந்த குழாய் ராத்திரி முழுக்கவும் நிக்கும், அஞ்சு நிமிஷத்துல கலைஞ்சும் போகும், அதனால கால்சைனையும் நேரத்தையும் முதல்ல எழுதிடுங்க, குடும்பக்கதை எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.